ஒழுகும் மொட்டை மாடி: எந்த வைத்தியம், எந்தப் பணம்?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த பிறகு, கூடத்துச் சீலிங்கின் ஒரு மூலையில் பழுப்பு நிறத்தில் ஓர் ஈரத்திட்டுத் தோன்றி, கார்த்திகை பிறப்பதற்குள் அது பாய் அகலத்துக்கு விரிந்து, வெள்ளை பூத்து, காரை உப்பிப் பொரியத் தொடங்குமானால், அந்த வீட்டுக்காரருக்கு அன்று முதல் ஆலோசனைக்குப் பஞ்சமே இராது. கொத்தனார் பழைய தளத்தை உடைத்தெடுத்துப் புதிதாகச் சுருக்கி போடவேண்டும் என்பார். பெயிண்ட் கடைக்காரர் இரண்டு வாளி பூச்சு அடித்தால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்பார். பக்கத்து வீட்டார் தாம் பதித்த கூல் டைல்ஸின் பெருமையைச் சொல்வார். பட்டறைக்காரரோ மாடி முழுவதற்கும் ஷீட் கொட்டகை போட்டுவிட்டால் மழையும் வெயிலும் ஒருங்கே தீர்ந்தன என்பார். ஒவ்வொருவர் வாக்கிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று நிர்ணயிக்க வேண்டியவர் பணம் கொடுக்கப்போகிற வீட்டுக்காரர். அந்த நிர்ணயத்துக்கு வேண்டிய விவரங்களோ பெரும்பாலும் அவர் கைக்கு வருவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், அது போதாமல் வாங்கிய கடனும் அடுத்த மழையிலேயே வீணாகிற துயரம் நம் ஊர்களில் வருஷந்தோறும் நிகழ்வதால், இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

எந்த வைத்தியத்தையும் நிச்சயிப்பதற்கு முன்னால், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். சீலிங்கில் ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று எண்ணுவது பெரும் தவறு. தளத்துக்குள் இறங்கிய நீர், கான்கிரீட்டின் மேற்பரப்பிலேயே பல அடி தூரம் ஓடி, எங்கே ஒரு கீறல் அகப்படுகிறதோ அங்கே கீழிறங்கும். சித்திரை வெயிலிலும் அந்தத் திட்டு காயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காயவில்லையானால், மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேல்நிலைத் தொட்டியிலோ, அதிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பிலோ, மேல் மாடிக் குளியலறையிலோ கசிவு இருக்கவேண்டும். தொட்டியின் வால்வை இரவு முழுவதும் மூடிவைத்து, காலையில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. மழைக்கு மட்டுமே நனைகிறதென்றால், முதலில் கைப்பிடிச் சுவரும் தளமும் கூடுகிற மூலையைப் பாருங்கள். வெயிலில் தளம் விரிவதும் இரவில் சுருங்குவதுமாக இருப்பதால், சுவரோடு அது சேருமிடத்தில் மயிரிழைபோல் பிளவு விழுந்திருக்கும். நம் வீடுகளின் ஒழுக்கில் பெரும்பகுதி இந்த மூலைகளிலிருந்து வருவதே. டிஷ் ஆண்டெனாவுக்கும் பந்தல் காலுக்கும் போட்ட துளைகள், குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்கள், வெடிப்பில் வேரூன்றிய அரசங்கன்று ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

இவற்றிலும் சந்தேகம் தீரவில்லையென்றால், மழைநீர்க் குழாயின் வாயைத் துணி வைத்து அடைத்து, மாடியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் நிறுத்திப் பார்க்கலாம். மாடியைச் செங்கல்லும் சாந்தும் கொண்டு பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தியை நிரப்பினால், எந்தப் பாத்தியில் நீர் நிற்கும்போது கீழே ஈரம் தட்டுகிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். ஒரு கட்டுத் துணியும் சில நாள் பொறுமையும் கேட்கிற இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் லட்ச ரூபாய்க்கு வேலையைத் தொடங்குகிறவர்கள் எத்தனையோ பேர்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மாடிக்குப் போய், எங்கெங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்பதைச் சாக்குக்கட்டியால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் வாட்டம் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இருந்தால்தான் நீர் தானாக வடியும். வாட்டம் சரியில்லாத மாடியில் எத்தனை விலை உயர்ந்த பூச்சை அடித்தாலும், தேங்கிய நீர் நாட்கணக்கில் அதன்மேல் நின்று அதைக் கெடுத்துவிடும். தண்ணீர் வாயில் இலைதழை அடைத்துக்கொண்டதனாலேயே ஒழுகிய வீடுகளும் உண்டு. அவற்றுக்கு ஒரு கம்பிவலை மூடியே வைத்தியம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சீலிங்கின் காரை பெயர்ந்து, உள்ளே இருக்கும் கம்பி துருவேறித் தெரிகிறதா? துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், சுற்றியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. அந்த நிலை வந்துவிட்ட தளத்துக்கு மேலே எதைப் போட்டாலும் பிரயோஜனம் அரிது. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துருப்போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் மூடிய பிறகே மேல்தளத்து வேலையைப் பற்றி யோசிக்கவேண்டும். கம்பி மெலிந்துபோயிருந்தால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுவது அவசியம். அவருக்குக் கொடுக்கிற கட்டணத்தை வீண் செலவாக ஒருபோதும் கருதக்கூடாது. துருவேறிய இடத்தை மறைப்பதற்காகச் சீலிங்கின் உட்புறத்தில் ஓதம் தடுக்கும் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்திக் கம்பியை இன்னும் வேகமாக அரிக்கவிடும் என்பதால், அந்த யோசனையை முற்றிலும் தவிர்க்கவேண்டும்.

இனி வைத்தியங்களுக்கு வருவோம். நம் நாட்டு முறைகளில் எல்லாவற்றிலும் மூத்தது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போடுகிற சுருக்கித் தளம். இன்று பலர் வெதரிங் கோர்ஸ் என்பதும் இதனையே. தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் காலத்திலிருந்தே வழக்கத்தில் இருக்கும் இம்முறை, கான்கிரீட் தளம் வந்த பிறகும் கைவிடப்படாமல், தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையின் கட்டடங்களிலும் இடம்பெற்றுவிட்டது. 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்பது அத்துறையின் அளவு, மணல் சேர்ப்பதில்லை. சராசரியாக மூன்று அங்குலக் கனத்தில், வாட்டத்தோடு பரப்பிய பிறகுதான் இதன் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. ஆட்கள் வரிசையாகக் குந்தி, கையில் தட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அவ்வப்போது தெளித்து, சுண்ணாம்புப் பால் மேலே கசிந்து வந்து ஜல்லியை மூடும்வரை, நாள் முழுவதும் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே பின்வாங்கி வருவார்கள். தொடக்கத்தில் மந்தமாகக் கேட்கிற சத்தம், தளம் இறுக இறுகக் கணீரென்று மாறும். கட்டை துள்ளி எழும்பினால் போதும் என்று பழைய கொத்தனார்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அதன்மேல் சிமெண்டுச் சாந்தில் தட்டு ஓடு பதித்து, இணைப்புகளை நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சாந்தால் நிரப்புவது வழக்கம்.

ஒழுங்காகப் போட்ட சுருக்கித் தளம் முப்பது, நாற்பது வருஷங்கள்கூட நிற்பதை நம் கண்ணாலேயே பார்க்கிறோம். அது நீரைத் தடுப்பதோடு வெயிலையும் தடுக்கிறது. கான்கிரீட் தளம் நேரடியாகச் சூடேறி விரிந்து சுருங்குவதைக் குறைத்து, பிளவுக்கான மூலகாரணத்தையே தணிக்கிறது. சிறு கீறல் விழுந்தாலும், சுண்ணாம்பு நாளடைவில் காற்றின் கரியமில வாயுவை ஏற்று மறுபடி இறுகுகிற சுபாவம் உடையது. ஆனால் இதன் குறைகளையும் மறைக்கக்கூடாது. சதுர அடிக்கு 12 முதல் 15 கிலோ வரை பாரம் ஏறுகிறது; ஆறு சதுரம், அதாவது 600 சதுர அடி மாடியென்றால், ஏழு டன்னுக்கும் மேற்பட்ட சுமை. ஆகையால் பழைய சுருக்கித் தளத்தை உடைத்து அப்புறப்படுத்தாமல் அதன்மேலேயே இன்னொன்று போடலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்கவேண்டாம். சுண்ணாம்பைக் கிரமமாக நீற்றி, பொறுமையாகத் தட்டுகிற ஆட்கள் இன்று அருகிவிட்டார்கள் என்பது இரண்டாவது குறை. சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமெண்டைப் போட்டு, தட்டுவதையே விட்டுவிட்டு, ஒரே நாளில் முடித்துக்கொடுக்கிற வேலைக்கும் இதே பெயர்தான் வழங்குகிறது. அது சீக்கிரம் வெடித்து, உள்ளே நுழைந்த நீரைக் குளம்போல் தேக்கி வைத்துக்கொள்ளும். எனவே இம்முறையைத் தேர்ந்தெடுப்பவர், தளத்தைவிட ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே அதிக சிரத்தை காட்டவேண்டும். அவர் முன்பு போட்ட மாடி ஒன்றை, குறைந்தது மூன்று மழைக்காலம் கண்டதாகப் பார்த்து, நேரில் ஏறிப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுக்கலாம்.

பழைய சுருக்கித் தளம் ஏற்கெனவே இருக்கிற வீடுகளில் எல்லாவற்றையும் உடைக்கவேண்டிய அவசியம் எப்போதும் நேர்வதில்லை. ஒரு சுத்தியல் பிடியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனால், பிடிப்பு விட்டுப்போன ஓடு பொள்ளென்று ஒலிக்கும். நல்ல மேஸ்திரியானால், “அம்மா, இந்த ரெண்டு வரிசைதான் பொள்ளுனு இருக்கு, மத்ததெல்லாம் கெட்டியா பிடிச்சிருக்குது, பாத்துக்குங்க” என்று வீட்டுக்கார அம்மாளையே அருகில் அழைத்துக் கேட்கச் செய்வார். அவ்வாறு பத்தில் இரண்டு மூன்று ஓடுகள் மட்டும் கெட்டிருந்தால், அவற்றைப் பெயர்த்து மறுபடி பதித்து, மற்ற இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதிய கலவையால் நிரப்பி, கைப்பிடிச் சுவர் மூலைகளில் வளைவாகச் சாந்து பூசினாலே பெரும்பாலான ஒழுக்கு நின்றுவிடும். பாதிக்கு மேல் பொள்ளென்று கேட்டால் மட்டுமே முழுத் தளத்தையும் எடுப்பது நியாயம். பேரம் பேச வருகிறவர் இந்தத் தட்டிப்பார்க்கிற வேலையைச் செய்யாமல் நேரே மொத்தச் சதுரத்துக்கும் விலை சொல்வாரானால், அவர் தொழிலில் நமக்கு நம்பிக்கை ஏற்படுவது கடினம்.

கூல் டைல்ஸ் எனப்படும் வெள்ளை ஓடுகள், வெயிலைத் திருப்பியனுப்பும் குணத்தால் வீட்டின் உஷ்ணத்தை நன்றாகக் குறைக்கின்றன. கோடையில் மேல்மாடி அறையில் படுக்க முடியாத குடும்பத்துக்கு இது பெரிய உபகாரம். இந்த ஓடுகள் நீரையும் அதிகமாக உறிஞ்சுவதில்லை. ஆனால் ஓடு நீரைத் தடுத்தாலும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள நூறு நூறு இணைப்புகள் தடுக்குமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வெறும் வெள்ளைச் சிமெண்டால் நிரப்பிய இணைப்பு இரண்டே கோடையில் நூலிழை விட்டுவிடும். வளைந்துகொடுக்கிற பாலிமர் கலவையையோ எபாக்ஸியையோ கேட்டு வாங்கவேண்டும். ஓட்டின் அடியில் நான்கு மூலைக்கு நான்கு உருண்டைச் சாந்து வைத்துப் பதித்தால் நடுவில் வெற்றிடம் உண்டாகி அங்கே நீர் தங்கும்; சாந்து முழுவதும் பரவியிருக்கவேண்டும். ஓட்டுக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு ஒன்று தனியாக அடிக்கப்படுகிறதா என்று கேளுங்கள். அது இல்லாத கூல் டைல்ஸ் உஷ்ண நிவாரணமாக மட்டுமே நிற்கும். பழைய தளத்தின்மேல் பதிப்பதானால் மட்டம் ஒன்றரை அங்குலமாவது உயர்ந்துவிடுவதால், மழைநீர்க் குழாயின் வாய் பள்ளமாகப் புதைந்துபோகிறதா, மாடிக்கதவின் படிக்கு மேலே தண்ணீர் ஏறுமா என்பதையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

வாளியில் வருகிற பூச்சுகளே இன்று அதிகம் விற்கின்றன. விலை குறைவு, வேலை இரண்டு நாளில் முடிந்துவிடும், பாரமும் ஏறாது. அக்ரிலிக் பூச்சு, பாலியூரிதேன் பூச்சு, சிமெண்டோடு பாலிமர் திரவம் கலந்து அடிக்கிற இரண்டு பொருள் பூச்சு என்று மூன்று இனங்கள் வழக்கில் உள்ளன. அக்ரிலிக் மலிவானது, வெள்ளை நிறத்தில் வெயிலையும் தணிக்கும். ஆனால் நீர் தேங்குமிடத்தில் நாளடைவில் ஊறித் தளர்ந்துவிடும். பாலியூரிதேன் விலை கூடியது. அதிகமாக இழுபடும், தேங்கும் நீரையும் தாங்கும். சிமெண்டு–பாலிமர் பூச்சு, ஓட்டுக்கு அடியில் மறைந்து வேலைசெய்வதற்கே உகந்தது. இம்மூன்றில் எதுவானாலும் பரப்பு நன்றாக உலர்ந்திருப்பது முதல் நிபந்தனை. பழைய சுருக்கி ஒரு மழைக்காலத்து நீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அதன்மேல் பூச்சை அடித்தால், வெயில் ஏறியதும் உள்ளிருந்து ஆவி கிளம்பி, பூச்சு அப்பளம்போல் கொப்பளித்துக்கொள்ளும். கீறல்களை விரிய வெட்டி நிரப்பி, அவற்றின்மேல் கண்ணாடி இழை வலை ஒட்டிய பிறகே பூச்சு அடிக்கவேண்டும். வாளியின் மேலே, ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு, எத்தனை கை அடிக்கவேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் மாடியின் அளவைக்கொண்டு எத்தனை வாளி வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுவைத்து, வேலை முடிந்த அன்று காலி வாளிகளை எண்ணிப் பாருங்கள். தண்ணீரைச் சேர்த்து நீர்க்க அடிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கிற மிகச் சாதாரணமான மோசடி. காலி வாளி பொய் சொல்லாது.

தாரும் பாலிமரும் சேர்ந்த மெம்பரேன் சுருளை எரிவாயுத் தீயால் உருக்கி ஒட்டுகிற முறை, பெரிய கட்டடங்களுக்கு நல்லது. மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் கனம். சுருளுக்குச் சுருள் நான்கு அங்குலம் மேல்படியவேண்டும். கைப்பிடிச் சுவரில் ஆறு அங்குலமாவது மேலேறவேண்டும். கறுப்பாக வெயிலில் கிடந்தால் சீக்கிரம் வெடிப்பதால் மேலே ஒரு காப்பு வேண்டும். வத்தல், வடகம் காயவைத்து மாடியைத் தினமும் புழங்குகிற வீட்டுக்கு இது ஒத்துவராது.

ஷீட் கொட்டகையைப் பற்றி என் அபிப்பிராயம் சற்றுக் கடுமையானது. அது மழையை மறைக்கிறது, நிழல் தருகிறது, உண்மைதான். ஆனால் அதன் கால்களுக்காகத் தளத்தில் போடுகிற போல்ட் துளைகளே புதிய ஒழுக்குக்கு வழியாகின்றன. சாரல் பக்கவாட்டில் வந்து நனைக்கிறது. துருவேறிய கம்பி கொட்டகையின் நிழலில் யார் கண்ணுக்கும் படாமல் தொடர்ந்து அரிக்கப்படுகிறது. 2016 டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கிய வர்தா போன்ற புயற்காற்றில், சரியாகப் பிணைக்காத ஷீட் பக்கத்துத் தெருவிலுள்ளவருடைய உயிருக்கே ஆபத்தாகும். உள்ளாட்சியில் அனுமதி வேண்டுமா என்பதையும் விசாரிக்காமல் போடக்கூடாது. வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது கோடைக்குச் சிக்கனமான குளிர்ச்சி தரும்; ஒழுக்குக்கு அது வைத்தியம் ஆகாது.

வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பது பொருளைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. தினக்கூலிக்கு ஆள் வைத்து, பொருளை நாமே வாங்கிக்கொடுத்தால் தரம் நம் கையில் இருக்கும். ஆனால் வீட்டில் ஒருவர் நாள் முழுவதும் கூடவே நிற்கவேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் நமக்கு நிம்மதி, ஆள் அவசரப்படுவார். நிறுவனத்தின் பெயரில் வருகிற ஒப்பந்தக்காரர்கள் பத்து வருஷ உத்தரவாதம் என்று அச்சிட்ட தாளைக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பல உத்தரவாதங்கள் பொருளுக்கு மட்டும் பொறுப்பேற்று, கூலியை விட்டுவிடுகின்றன. கட்டடத்தின் அசைவால் வந்த பிளவு, தேங்கிய நீர், பிறர் போட்ட துளை ஆகியவற்றை விலக்கிவிடுகின்றன. மீண்டும் ஒழுகினால் ஆளும் பொருளும் அவர் செலவா, எத்தனை நாளில் வருவார் என்று எழுத்தில் கேளுங்கள். மாடியின் அளவை நீங்களே நாடா பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிச் சுவரில் மேலேறுகிற பூச்சைத் தனியாகச் சேர்ப்பாரா, மொத்தத்திலேயே அடங்குமா என்பது பின்னால் தகராறுக்கு விதையாகும். பணத்தில் கால்பங்கையாவது, வேலை முடிந்து தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுவது உத்தமம்.

ஜி.எஸ்.டி. பில் வேண்டாமென்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பில் இல்லாமல் வேலை வாங்கியவர், பின்னால் புகார் செய்யும்போது கையில் ஆதாரமின்றி நிற்க நேரும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தோன்றிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வழக்குக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்ப்பதும் நல்லது. அடுக்ககத்தில் மேல்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவானதாயின், அதன் பழுது பார்க்கிற செலவையும் எல்லோரும் பகிர்ந்துகொள்வதே முறை. ஒழுகுகிற வீட்டுக்காரரின் தலையெழுத்து என்று கீழ்த்தளத்தார் ஒதுங்குவது நியாயமல்ல; பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, மதிப்பீட்டை இணைத்து, எழுத்திலேயே கேளுங்கள்.

பணத்தின் விஷயத்தில் செய்கிற பிழை, தளத்தில் செய்கிற பிழையைவிட நெடுநாள் வலிக்கும். ஒரு லட்சம் ரூபாய் தேவை என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். ஏலச்சீட்டில் ஏற்கெனவே பாதிக்கு மேல் கட்டி வந்திருப்பவர், தள்ளு, அதாவது ஏலத்தில் விட்டுக்கொடுக்கிற தொகை, குறைந்துவிட்ட பிற்பகுதியில் அதை எடுப்பது சிலாக்கியமானது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் கால்பங்குக்குத் தள்ளி எடுப்பதோ மிகவும் விலை உயர்ந்த கடன். 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி பதிவான சீட்டுதானா என்று பார்ப்பது அத்தியாவசியம். நடத்துபவரின் கழிவு ஏழு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பதிவில்லாத தெருச்சீட்டில், எடுத்தவர் தப்பிக்கலாம், எடுக்காதவர்தான் அழவேண்டும்.

கையில் நகை இருக்குமானால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைப்பது, குறுகிய காலத்துக்கு நல்ல வழி. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், 2026 ஏப்ரல் 1 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகையின் மதிப்பில் 85 சதவீதம் வரையிலும், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதையும் தாண்டினால் 75 சதவீதமும் என்று வரம்பு வகுத்திருக்கின்றன. கல்லும் சேதாரமும் அந்த மதிப்பில் சேராது. கடனைக் கட்டி முடித்த பிறகு ஏழு வேலைநாளுக்குள் நகையைத் திருப்பித் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. வரம்பு 85 சதவீதம் என்பதற்காக அவ்வளவையும் வாங்கிவிடாதீர்கள். வட்டியை மாதந்தோறும் கட்டிவந்தால் ஏலத்துக்குப் போகிற ஆபத்து வெகுவாகக் குறையும். அடகுக்கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது காதுக்குச் சிறிதாகப் படலாம். வருஷத்துக்கு 24 சதவீதம் அது.

தனிநபர் கடனில் ஏமாற்றமே வேறு விதம். 12 சதவீதம் பிளாட் வட்டி என்று சொல்லி மூன்று வருஷத்துக்கு ஒரு லட்சம் கொடுப்பவர், மாதம் சுமார் 3,778 ரூபாய் வாங்குகிறார். குறைந்துவரும் அசலின்மேல் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கும் சற்று மேல். உண்மையாகவே குறைந்துவரும் அசலுக்கு 12 சதவீதமானால் தவணை 3,321 ரூபாய்தான் ஆகும். 2024 அக்டோபர் 1 முதல், கடன் கொடுப்பவர் எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ விகிதத்தை ஒரு விவரத்தாளில் காட்டியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அந்தத் தாளில் உள்ள அந்த ஒரே எண்ணைக்கொண்டு எல்லாக் கடன்களையும் ஒப்பிட்டுவிடலாம். வீட்டுக் கடன் நடப்பில் உள்ளவர்க்கு அதன்மேல் கூடுதல் கடன் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 9 சதவீதத்தில் ஒரு லட்சத்தைப் பதினைந்து வருஷத்துக்கு நீட்டினால் வட்டி மட்டும் 82,500 ரூபாயைத் தாண்டும். 12 சதவீதத்தில் மூன்றே வருஷத்தில் முடித்தால் 19,600 ரூபாய்க்குள் அடங்கும். பத்து வருஷம் நிற்கிற பூச்சுக்குப் பதினைந்து வருஷம் தவணை கட்டுவது விவேகமாகாது. கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு அடுத்த மாதம் முழுவதும் கட்ட முடியாதவர்கள் அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

கம்பி துருவேறாத, வாட்டம் உள்ள பழைய தளமானால் இணைப்புகளைப் பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் தீர்ப்பு. மேலே எதுவும் போடாத வெறும் கான்கிரீட் தளமானால், தட்டத் தெரிந்த கொத்தனார் அகப்படுகிற ஊரில் சுண்ணாம்புச் சுருக்கி. அகப்படாத ஊரில், அடியில் சிமெண்டு–பாலிமர் பூச்சும் மேலே கூல் டைல்ஸும். பணம் மிகவும் முடைப்பட்ட வருஷத்தில், மூலைகளையும் கீறல்களையும் மட்டும் ஒழுங்காக அடைத்து, அக்ரிலிக் பூச்சோடு இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிட்டு, அதற்குள் பெரிய வேலைக்கு மாதந்தோறும் ஆர்.டி. கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததை நாம் மறக்கவில்லை. ஆகையால் எந்த வேலையானாலும் பங்குனியில் தொடங்கி ஆனிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் கொத்தனாரைத் தேடினால் அவர் கேட்ட கூலியைக் கொடுக்கவேண்டியிருக்கும், ஈரத் தளத்தில் பூச்சும் ஒட்டாது.